ஊசிக்கு முன்னால் பேசக்கூடாது

ஆஸ்பத்திரியில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'அசையாதீங்க அண்ணன்' என்றால்தான் தெரியும். காலையில் வந்ததிலிருந்து கிளம்பும்வரை அந்த ஒரு வார்த்தையைத்தான் மனுஷன் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டிருப்பார். வேலை அப்படி. ரத்தத்தில் துளி கதிர்மருந்தை ஏற்றி, அது மூளையில் எங்கெங்கே போய்த் தங்குகிறது என்று கேமராவில் படம் பிடிக்க வேண்டும். நன்றாக வேலை செய்கிற இடம் பளிச்சென்று தெரியும், ஓய்ந்துபோன இடம் இருண்டு கிடக்கும். நடுவில் தலை கொஞ்சம் ஆடினாலும் போச்சு, எல்லாம் கலங்கிவிடும்.

மங்கலான படத்தைக் கண்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். படுத்திருப்பவரின் தோளை நன்றாகக் கீழே இறக்கி, கன்னத்துக்கு இரண்டு பக்கமும் பஞ்சுத் திண்டு வைத்து, கேமரா தலையை உரசாத குறையாகச் சுற்றும்படி செய்வார். தள்ளிச் சுற்றினால் தெளிவு போய்விடும் என்பது அவர் கட்சி. கூட வேலை செய்கிறவர்கள் அவசரப்படுத்தினால், ரயிலா கிளம்பப்போகிறது என்று கேட்பார்.

ஊசிக்கும் ஒரு சட்டம் உண்டு. மருந்து ஏற்றுவதற்கு முன்னால் மங்கிய வெளிச்சத்தில், சத்தமில்லாத அறையில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டும். பேச்சு மூச்சு கூடாது. பேசினால் மூளையில் பேச்சுக்கான இடம் விழித்துக்கொண்டு மருந்தைக் கூடுதலாக இழுத்துக்கொள்ளும், படம் பொய் சொல்லும். இந்த விஷயத்தில் கலெக்டரே வந்து உட்கார்ந்தாலும் அண்ணன் விடமாட்டார்.

வீட்டில் எல்லாம் தலைகீழ். மனைவி டீச்சர், வாய் ஓயாது. நாள் பூரா ஊமைக்கூட்டத்தோடு இருந்துவிட்டு வருகிறீர்கள், நானாவது பேசுகிறேன் என்பாள். வகுப்பில் எந்தப் பிள்ளை எந்தப் பொய் சொல்லி மாட்டிக்கொண்டது என்பதிலிருந்து தலைமையாசிரியரின் புது மூக்குக்கண்ணாடி வரைக்கும் வரும். அவர் தட்டில் கையை வைத்துக்கொண்டு 'ம்' கொட்டிக்கொண்டிருப்பார். அந்த 'ம்' ஒன்று குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் வார்த்தை தட்டுப்படாமல் போக ஆரம்பித்தது. கரும்பலகைக்கு முன்னால் சாக்பீஸோடு நின்றுவிட்டாளாம். பெற்ற மகளையே பேர் தேடிக் கூப்பிட்டாள். டாக்டர் இரண்டு வழி சொன்னார். மனச்சோர்வாக இருந்தால் மாத்திரையில் தேறிவிடுவாள். மூளையே தேய்கிற நோயாக இருந்தால் திரும்பி வர வழியில்லை. எது என்று படம் பார்த்தால்தான் தெரியும்.

தன் மேஜையில் அவளைப் படுக்கவைக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. வேறு இடத்துக்கு அழைத்துப் போனார். அவள் பயந்துபோய்த் தலையை ஆட்டிவிட்டாள், படம் கலங்கிவிட்டது, ஒன்றும் சொல்வதற்கில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்பனுக்கும் மகளுக்கும் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. மனச்சோர்வாகத்தான் இருக்கும் என்று மகள் சொல்ல, ஆமாம் ஆமாம் என்று இவரும் தலையாட்டினார். எத்தனை நாளைக்கு? டாக்டர் விடவில்லை. நீங்களே எடுங்கள், உங்கள் கையால் எடுத்தால் தெளிவாக வரும் என்றார்.

அன்றைக்கு அந்த மங்கிய அறையில் அவளைத் தனியே விட மனமில்லாமல் அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். நர்ஸ் வந்து அவள் கையில் ஊசிக்குழாயை மட்டும் பொருத்திவிட்டுப் போயிருந்தாள். மனைவி கோர்வையாக நாலு வார்த்தை பேசி எவ்வளவோ காலமாகியிருந்தது. திடீரென்று முகம் தெளிந்தது. அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." அவளுடைய அதே பழைய குரல்.

அவர் சட்டென்று அவள் உதட்டில் விரலை வைத்தார். "இப்ப பேசக்கூடாதும்மா. படம் கெட்டுடும். அப்புறம் சொல்லு, என்ன?"

சரியென்று தலையாட்டினாள்.

அடப் பாவி மனுஷா! மருந்துதான் இன்னும் ஏற்றவே இல்லையே. அவளைப் பேசவிட்டு, பிறகு இன்னும் கொஞ்ச நேரம் சும்மா உட்காரவைத்து ஏற்றியிருந்தால் என்ன குடியா முழுகிப்போயிருக்கும்? அவருக்குத் தெரியாததா அது? பழகின கை முந்திக்கொண்டது. அதோடு, மனச்சோர்வுதான் என்று சொல்லப்போகிற படம், துளி சந்தேகத்துக்கு இடமில்லாமல் வர வேண்டும் என்ற ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

படம் கண்ணாடி மாதிரி வந்தது. அவள் அசையவே இல்லை. டாக்டர் வருவதற்கு முன்னாலேயே அவர் பார்த்துவிட்டார். இரண்டு காதுக்கும் பின்னால், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருட்டு. மூளை தேய்ந்துபோன எத்தனையோ பேருடைய படத்தில் அந்த இருட்டைப் பார்த்தவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கி அழுதார். கதவுக்கு அந்தப் பக்கம் அடுத்த ஆள் காத்திருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். "ஏதோ சொல்லணும்னியே, இப்ப சொல்லும்மா" என்று கெஞ்சினார்.

அவள் வாசலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், தன் உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டாள். "பேசக்கூடாதுங்க. படம் கெட்டுடும்."

எடுத்தாகிவிட்டது, முடிந்துவிட்டது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். திட்டு விழுமோ என்று பயந்தவள்போல் உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள். மகளிடம் இப்போதும் ஒன்றிரண்டு வார்த்தை பேசுகிறாள். தண்ணீர் கேன் போட வருகிறவனிடம்கூடப் பேசுகிறாள். அவர் வந்து உட்கார்ந்தால் மட்டும் வாயை மூடிக்கொண்டு, அசையாமல் இருக்கிறாள்.