சுவரில் சிரித்தவள்

யாரோ சொன்ன பொய்யை அழகான எழுத்தில் எழுதிக் கொடுத்தவனுக்கு அதில் எவ்வளவு பங்கு?

காலை வெயில் வாசலுக்கு வந்ததும் பாஸ்கல் சவரக் கண்ணாடியோடு மனைவி எதிரே குந்துகிறான். வெளிச்சத்தை அவள் வாய்க்குள் திருப்புகிறான். "நல்லா தொற, லூர்து." இடது கன்னத்தின் உட்புறம், சுண்ணாம்பு விரல் பட்டதுபோல் ஒரு வெள்ளைத் திட்டு. நேற்றைவிடப் பரவியிருக்கிறதா? நூல் பிடிக்காமலே சுவரில் நேர்க்கோடு போடுகிற கண் இங்கே தடுமாறுகிறது.

"போதும்யா. மாட்டுக்குப் பல்லு பாக்குற மாரி தெனம் பாத்துகினு கீற" என்று லூர்தம்மாள் சிரிக்கிறாள். அவன் சிரிப்பதில்லை.

சுவர் விளம்பரம் எழுதுவது அவன் தொழில். பூந்தமல்லியிலிருந்து திருமழிசை வரை, புகையிலை கலந்த ஒரு பல்பொடிக்கு அவன் எழுதாத சுவர் குறைவு. 'பல்வலி பறக்கும். ஈறு இறுகும்.' பக்கத்தில் ஒரு பெண் முகம் வேண்டும் என்றார் கம்பெனி ஏஜென்ட் வீரராகவன். பாஸ்கலுக்குப் பார்க்காமல் வரைய வரும் பெண் முகம் ஒன்றுதான்.

பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் அவளை அடையாளம் கண்டுகொண்டார்கள். "இன்னாக்கா, அந்தப் பொடியாலதான் பல்லு இப்டி மின்னுதா?" இல்லை என்று சொல்ல லூர்தம்மாளுக்குக் கூச்சம். புருஷன் எழுதியது பொய்யாகிவிடக் கூடாதே என்று ஒரு டப்பா வாங்கினாள். போகப்போக, தேய்க்காத வேளையில் தலை வலித்தது; மறுபடி ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்தாள்.

இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் பாஸ்கல் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்கிறான்.

போன வாரம் வீரராகவன் ஸ்கூட்டரில் வந்தார். "மருந்து மாதிரி விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு கவர்மென்ட் ஆர்டர். நாளைக்கு அதிகாரிங்க வர்றாங்க. பஸ் ஸ்டாண்டு சுவத்துல வலி, ஈறு, அந்த ரெண்டு வரிய மட்டும் அழிச்சுடு. மூஞ்சி இருக்கட்டும். அந்தச் சிரிப்புக்குத்தான் சரக்கு போவுது."

"வலி போவும்னு மெய்யாலுமே யாரு சார் சொன்னது?"

"நீதானேய்யா எழுதின!" என்று சிரித்தபடி ஸ்கூட்டரை உதைத்தார்.

மறுநாள் அதிகாரிகளின் ஜீப் வந்து நின்றபோது பாஸ்கல் ஏணிமேல் இருந்தான். வரிகள் இரண்டும் அப்படியே இருந்தன. முகம் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது.

"இன்னா காரியம்யா பண்ணிட்ட!" என்று கீழிருந்து கத்தினார் வீரராகவன். அன்று மாலை லூர்தம்மாளும் கேட்டாள், "எம்மூஞ்சி இன்னாயா பண்ணிச்சி?"

ஜீப் வருமுன் ஏணிமேல் அவன் செய்தது இவ்வளவுதான்: ஈரச் சுண்ணாம்புக்குள் இடது கன்னம் இன்னும் மங்கலாகத் தெரிந்தது; உள்ளங்கையை அதன்மேல் பொத்தி வைத்துக்கொண்டு, மறுகையால் வெள்ளையடிக்கும் மட்டையை வாளியில் தோய்த்தான்.