மிஸ்ஸியம்மாவோடு ஜிந்துப்பிட்டியில்

பிள்ளைகளுக்கு வழிகாட்டுகிற ஊழியத்தில் ஒரு சங்கடம்: அவர்களுக்கு வழி நம்மைவிட நன்றாகத் தெரியும்.

ஞாயிறுப் பள்ளியில் மாட்டிக்கொண்டு தொண்டை வறண்டுபோன அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், பாளையங்கோட்டையிலிருந்து கடல் தாண்டி, காலணா சம்பளமில்லாமல் கொழும்புப் பிள்ளைகளுக்குப் பாட்டும் எழுத்தும் சொல்லிக்கொடுக்கப் போனவள் நான். எங்கள் தலைவி சீமையிலிருந்து வந்த மிஸ்ஸியம்மா. தங்கமான மனுஷி, ஆனால் யார் பேச்சையும் கேட்கமாட்டார்கள். துணைக்குக் கொட்டாஞ்சேனை உபதேசியார், யாழ்ப்பாணத்துக்காரர். அவர் யார் பேச்சையும் மீறமாட்டார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் என் கதியை யோசித்துப் பாருங்கள்!

வாசனைச் சோப்பு

கொழும்பின் வடபக்கம், ஜிந்துப்பிட்டியில் ஒரு பழைய கிட்டங்கியில் சில வார வகுப்பு. எல்லாம் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். முதல் நாளே நெற்றியில் பட்டை பட்டையாகத் திருநீறு. மிஸ்ஸியம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வாளித் தண்ணீரும் வாசனைச் சோப்பும் வரவழைத்து, ஒவ்வொரு பிள்ளையாகப் பிடித்துத் தன் கையாலேயே நெற்றியைக் கழுவிவிட்டார்கள்.

மறுநாள் பார்த்தால் கூட்டம் இரண்டு மடங்கு! திருநீறு நெற்றியில் மட்டுமா, கன்னத்தில், கழுத்தில், காது மடலில்கூட. அம்மா சளைக்காமல் எல்லாரையும் கழுவினார்கள். "பார்த்தாயா, கழுவக் கழுவ எத்தனை பேர் வருகிறார்கள்!" என்று என்னிடம் பூரித்துப் போனார்கள். எனக்கென்னவோ சந்தேகம். வகுப்பிலேயே கெட்டிக்காரி லெச்சுமி. பத்து வயதுதான், அதற்குள் எழுத்துக்கூட்டிக் கடைப் பலகையெல்லாம் வாசிக்கிறவள். அவளைத் தனியே கூப்பிட்டு விசாரித்தேன். அந்தச் சந்துக்கே ஒரே ஒரு தண்ணீர்க் குழாயாம், விடிந்தால் குடுமிபிடிச் சண்டையாம். "திருநீறு பூசிட்டுப் போனா வெள்ளைக்காரம்மா சோப்புப் போட்டே கழுவிவுடுறாங்கன்னு அம்மா சொல்லிச்சு டீச்சர். நாளைக்குத் தம்பிக்கு முதுகெல்லாம் பூசிக் கூட்டியாரட்டுமா?"

கம்பளிக் காலுறை

சீமையில் ஏதோ ஒரு சபைப் பெண்கள் எங்கள் பிள்ளைகளுக்கென்று பாடுபட்டுப் பின்னிய கம்பளிக் காலுறைகள் ஒரு பெட்டி நிறைய வந்து இறங்கின. கொழும்புப் புழுக்கத்துக்கு! மிஸ்ஸியம்மா ஜெபம் பண்ணி ஆளுக்கொரு சோடி கொடுத்தார்கள். ஒரு பிள்ளையாவது போட்டுக்கொண்டு வரவேண்டுமே? காரணம் அறிய லெச்சுமி வீட்டுக்குப் போனோம். அவள் அம்மா மாரியாயி பதறியடித்து மணையைத் துடைத்துப் போட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

மகளை மேலே படிக்க வை என்று நான் சொன்னதும் மாரியாயியின் முகம் வாடிவிட்டது. எங்கள் வகுப்பு முடிந்த கையோடு லெச்சுமியைப் பம்பலப்பிட்டியில் ஒரு வக்கீல் வீட்டுக்குப் பிள்ளை தூக்க அனுப்பப் பேசி முடித்தாயிற்றாம். "இந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் இருந்தா அனுப்ப மாட்டேனா டீச்சர்? இருக்கிற பள்ளிக்கூடமெல்லாம் நம்மள மாதிரி ஆளுகளுக்கா?" என்றாள். அப்படி நிரந்தரமாக ஒரு பள்ளிக்கூடம் வைக்கத்தான் சீமையிலிருந்து பெரிய துரை வரவிருந்தார். ஜிந்துப்பிட்டியா, ஊரின் தென்கோடியில் இருக்கிற வெள்ளவத்தையா என்பது அவர் முடிவு. வெள்ளவத்தையில் நடக்கும் எங்கள் வகுப்பு நிறைவுக் கூட்டத்துக்கு எந்தப் பக்கத்துப் பிள்ளைகள் திரண்டு வருகிறார்களோ, அந்தப் பக்கத்துக்குத்தான் பள்ளிக்கூடம். உன் மகளை எப்படியாவது கூட்டிக்கொண்டு வா என்று மாரியாயியின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

மிஸ்ஸியம்மாவோ இரண்டாவது கோப்பையையும் காலிபண்ணிவிட்டு, இத்தனை ருசிக்கு என்ன பக்குவம் என்று கேட்கச் சொன்னார்கள். மாரியாயி வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள்: "எல்லாம் அம்மா புண்ணியந்தாங்க. அம்மா குடுத்த காலுறையிலதான் வடிகட்டினேன்."

பேசக்கூடாத பேச்சு

கூட்டத்து நாளன்று பிள்ளைகளைக் கூட்டிவர ஜிந்துப்பிட்டிக்குப் போனேன். சந்தில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. வீடெல்லாம் பூட்டு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எதிரே நிதானமாக வந்த உபதேசியாரைப் பிடித்துக்கொண்டேன். "இண்டைக்கு ஆடிவேல் எல்லோ? செட்டியார் தெருவிலை வேல் தேர் வெளிக்கிட்டிட்டுது. முழுச் சனமும் அதுக்குப் பின்னாலை" என்றார், வெயிலைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

"ஐயா, மிஸ்ஸியம்மா இந்தத் தேதியைக் குறிக்கும்போது நீங்களும் பக்கத்தில்தானே நின்றீர்கள்! வாயில் என்ன கொழுக்கட்டையா?" என்று கத்திவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அஞ்ஞானத் திருவிழாப் பேச்சு ஒண்டும் தன்ரை காதிலை விழப்படாது எண்டு அம்மா கட்டளை போட்டவ. நான் கீழ்ப்படிஞ்சனான், பிள்ளை."

காலி பெஞ்சுகள்

வெள்ளவத்தையில், காலி என்கிற ஊருக்குப் போகும் காலி வீதியை ஒட்டினாற்போல மண்டபம். முன்வரிசையில் கஞ்சி போட்ட சட்டையோடு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர். மீதியெல்லாம் வெறும் பெஞ்சு. பெரிய துரை கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார். பம்பலப்பிட்டி வக்கீலின் குழந்தை லெச்சுமியின் இடுப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் மேளச்சத்தம். செட்டியார் தெருவில் கிளம்பிய தேர் காலி வீதி வழியாக வந்து, தேங்காய் உடைக்கிறவர்களுக்காக எங்கள் மண்டபத்து வாசலிலேயே நின்றது! நான் வெளியே ஓடினேன். "பெஞ்சு இருக்கு, குடிக்கத் தண்ணி இருக்கு, வாங்க!" என்று தொண்டை கிழியக் கூவினேன். "நம்ம டீச்சர்!" என்று லெச்சுமி பாய்ந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் ஜிந்துப்பிட்டியே உள்ளே வந்தது. காலையிலிருந்து நடந்த கால்கள், பெஞ்சைக் கண்டால் விடுமா? பெரிய துரை எழுந்தே நின்றுவிட்டார்.

இவர்களில் யாருக்காவது வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார். லெச்சுமி சற்றும் தயங்காமல், தேரோடு வந்தவர்கள் கொடுத்த நோட்டீசை விரித்துக் கணீரென்று வாசித்தாள்: "வேற்பெருமான் வீதி வலம் வருகிறார். அடியார்கள் அனைவரும் வந்து தரிசித்து அருள் பெறுக." என்ன வாசிக்கிறாள் என்று துரை என்னைப் பார்த்தார். நான் இங்கிலீஷில் சொன்னேன்: "நம் ஆண்டவர் வீதியிலே வருகிறார், எல்லாரும் வந்து அருள் பெறுங்கள் என்கிறாள், ஐயா." துரைக்குக் கண் கலங்கிவிட்டது. மிஸ்ஸியம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் தாரை தாரையாக. இது நாம் அச்சடித்ததா என்று துரை கேட்க, உபதேசியார் பணிவாக, "கொழும்பிலைதான் அச்சடிச்சது, துரை" என்றார். அங்கேயே, அந்த நிமிஷமே, பள்ளிக்கூடம் ஜிந்துப்பிட்டிக்கு என்று முடிவாயிற்று.

கூட்டத்தில் மாரியாயியைத் தேடிப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். லெச்சுமியை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மடியிலிருந்து ஒரு தேங்காயை எடுத்தாள். "வேலய்யாவுக்கு ஒண்ணு ஒடச்சுட்டேன் டீச்சர். இது உங்க சாமிக்கு. எந்தப் பக்கம் பாத்து ஒடைக்கணும்?"

ஆத்துமாக்களைத் தேடி அயலூருக்குக் கிளம்புகிற அன்பர்களே, வேதபுத்தகத்தை மறந்தாலும் மறந்துபோங்கள், அந்த ஊர்த் தேர்த்திருவிழா என்றைக்கு என்று கேட்டுக்கொள்ள மட்டும் மறக்காதீர்கள்.