பிரேக்கிலிருந்து காலை எடுக்காதீர்கள்

இதில் வரும் நேரங்கள் எதுவும் குத்துமதிப்பாகச் சொன்னவை அல்ல. காரில் பொருத்திய ஸ்கேனர் கருவி தானாகப் பதிந்து வைத்தவை. அந்தப் பதிவு இன்றும் அழிக்கப்படாமல் இருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். இரண்டாம் முறை பார்க்க இருவருமே மறுத்துவிட்டார்கள்.

நடந்தது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு. அதுவும் பட்டப்பகலில்.

அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் டயாலிசிஸ். வாடகைக் காரை நம்பியிருந்த காலத்தில் ஒருமுறை, வருகிறேன் என்ற இரண்டு வண்டிகளும் வராமல் போக, நாற்பது நிமிடம் மழையில் நின்றாள். இனி இவளை எந்த வண்டிக்காகவும் நிற்க வைப்பதில்லை என்று அன்றே முடிவு செய்தார். அந்த வாரமே ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கினார். விற்ற பெண்மணி அதிகம் பேசவில்லை. "வீட்ல ஓட்ட ஆள் இல்ல" என்று சாவியை நீட்டியதோடு சரி.

மூன்றாம் மாதம் கார் குலுக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு சிக்னலிலும் கிளம்பும்போது பின்னாலிருந்து யாரோ எட்டி உதைப்பது போல இருக்கும். ஊசி குத்திய கையோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். ஒர்க்‌ஷாப்பில் கேட்டதற்கு நாலு நாள் வண்டியை விடச் சொன்னார்கள். நாலு நாள் என்றால் இரண்டு டயாலிசிஸ். அது எப்படி முடியும்? கியர் பாக்ஸ் ஆயிலைத் தாமே மாற்றிவிடுவது என்று இறங்கிவிட்டார். கடுகளவு திருகைக் கழற்றி மாட்டுகிற கை, போல்ட்டுக்கா பயப்படும்?

சனிக்கிழமை காலை ஆயில் மாற்றினார். பழையது தார் மாதிரி இறங்கியது. ஆனால் வேலை அதோடு முடிவதில்லை. இந்த வகைக் காரில் இரண்டு கிளட்ச். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று. எந்த இடத்தில் பிடிக்க வேண்டும், எந்த இடத்தில் விட வேண்டும் என்று கியர் பாக்ஸ் பழகிப் பழகி மனப்பாடம் செய்து வைத்திருக்கும். ஆயில் மாறினால் அதையெல்லாம் அழித்துவிட்டு, அரிச்சுவடியிலிருந்து மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும்.

அதற்கான ஸ்கேனரையும் லேப்டாப்பையும் மனைவியின் தம்பி கொண்டுவந்து பொருத்தினான். லிஃப்ட் மெக்கானிக். எங்கோ லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டார்கள் என்று போன் வந்ததால் நின்றுகொண்டே சொல்லிக்கொடுத்தான்.

"எட்டுப் படி அத்தான். கால் மணி நேரம் ஆகும். என்ஜின் ஓடணும், கால் பிரேக்லயே இருக்கணும். நடுவுல எடுத்தீங்கன்னா பழைய பாடமும் போச்சு, புதுசும் போச்சு. வண்டி கல்லு மாதிரி நின்னுடும்."

"எடுக்க மாட்டேன்டா."

"அக்கா கூப்பிட்டாக்கூட எடுக்காதீங்க. அப்புறம் அஞ்சு மணிக்கு நீங்கதான் அவங்களைத் தூக்கிட்டுப் போகணும்."

கூடத்துக் கட்டிலில் இருந்தவளுக்கு அது கேட்டுவிட்டது. "என்னைத் தூக்குற முதுகா அது? கண்ணாடிப் பெட்டியைத் தூக்கினாலே மூணு நாள் தைலம் தேய்க்கணும்."

மூவரும் சிரித்தார்கள். அவன் கிளம்பிப் போனான்.

கார் ஷெட்டும் கூடமும் ஒட்டினாற்போல் இருந்தன. நடுவில் ஒரு கதவு. அதைத் திறந்தே வைத்தார். அவருடைய போன் கூடத்து மேஜையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. முன் ஷட்டர் முழுக்க மேலே. பின்சுவரின் ஜன்னல்கள் இரண்டும் திறப்பு. என்ஜின் புகையில் அவருக்குத் தலை கிறுகிறுத்திருக்கும் என்று சொல்பவர்களுக்காக இது.

மணி 2:52. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, என்ஜினை ஓடவிட்டு, பழைய மனப்பாடத்தை அழித்தார். திரையில் எழுத்து வந்தது.

பிரேக்கை மிதிக்கவும்.

அவர் காலைத் தூக்குவதற்குள் அந்த வரி மறைந்து அடுத்தது வந்தது. பிரேக் மிதிக்கப்பட்டது. முதல் படி தொடங்குகிறது.

கருவி முந்திக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்தபடி மிதித்தார். பெடல் ஏற்கெனவே பாதி இறங்கியிருந்தது. தேய்ந்திருக்கும் என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். காரின் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தால், பின்சுவர் முழுக்க பிரேக் விளக்கின் சிவப்பு.

க்ளக்... க்ளக்... கியர்கள் தாமாகவே மாறி மாறி விழுந்தன. என்ஜின் உறுமி அடங்கியது. பச்சைப் பட்டை நகர்ந்தது.

மணி 2:56. இரண்டாம் படி.

"என்னங்க..."

கூடத்திலிருந்து அவள் குரல்.

"என்னம்மா?"

"ஒரு மாதிரி இருக்கு. கொஞ்சம் வந்துட்டுப் போங்களேன்."

"இதோ, பத்தே நிமிஷம். கால் எடுக்க முடியாது. படுத்துக்கோ."

பதில் இல்லை. படுத்துக்கொண்டாள் என்று எண்ணிக்கொண்டார். அவள் அடிக்கடி அப்படிச் சொல்பவள்தான். ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தால் சரியாகிவிடும். அங்கே சேர்க்கத்தான் இந்தப் பாடு.

மணி 2:59. மூன்றாம் படி.

"என்னங்க..."

இம்முறை குரல் சின்னதாக இருந்தது.

"முடிஞ்சிருச்சும்மா. முடிஞ்சிருச்சு."

முடியவில்லை. இன்னும் ஐந்து படிகள்.

மணி 3:02.

தொப்.

ஏதோ கனமாக விழுந்த சத்தம். தலையணை அல்ல. தண்ணீர்ப் பாத்திரமும் அல்ல.

"ஏம்மா?"

க்ளக்... க்ளக்...

"ஏம்மா... என்ன விழுந்துச்சு?"

கதவு வழியாக மேஜையின் கால் தெரிந்தது. கட்டில் தெரியவில்லை. எடுத்துவிடலாமா? எடுத்தால் வண்டி நின்றுவிடும். அவளுக்கு ஏதாவது என்றால் எதில் கொண்டுபோவது? வண்டி வேண்டும். அவளுக்காகத்தான் வண்டி.

காலை இன்னும் அழுத்தினார். அந்த அழுத்தத்தில் கெண்டைக்கால் சுண்டி இழுத்தது. நரம்பு முடிச்சுப் போட்டுக்கொண்டது.

மணி 3:03.

கால் வழுக்கி பெடலை விட்டு வந்துவிட்டது.

போச்சு என்று கண்ணை மூடினார்.

க்ளக்... க்ளக்...

என்ஜின் நிற்கவில்லை.

கண்ணைத் திறந்தார்.

பச்சைப் பட்டை நகர்ந்துகொண்டிருந்தது. பிரேக் மிதிக்கப்பட்டுள்ளது. நான்காம் படி.

கண்ணாடியில் பின்சுவர் சிவப்பாகவே இருந்தது.

குனிந்து பார்த்தார்.

பெடல் தரையோடு தரையாக இறங்கியிருந்தது. அவருடைய இரண்டு கால்களும் அதற்கு ஒரு சாண் இப்பால் இருந்தன.

பெடலின் மேல் எதுவும் இல்லை.

ஆனால் ரப்பர் அமுங்கியிருந்தது. ஒரு முன்பாதத்தின் அகலத்துக்கு... துளியும் அசையாமல்.

மணி 3:04.

முட்டிக்குப் பக்கத்தில் குளிர்ந்தது. இன்னொரு கால் அங்கே நீண்டிருப்பது போல.

மணி 3:05.

அவர் பக்கத்துக் கார்க் கதவு திறந்தது. அவர் தொடவில்லை.

கூடத்துப் பக்கமாக... விரியத் திறந்தது.

அவர் அசையவில்லை.

மணி 3:06. ஆறாம் படி.

அசையவில்லை.

மணி 3:07.

பெடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பயத்தில்தான். ஆனால் இடையிடையே திரையையும் பார்த்தார். பட்டை நகர்கிறதா என்று பார்த்தார். அதை அவரே பிறகு சொன்னார்.

மணி 3:09.

எட்டுப் படிகளும் வெற்றிகரமாக முடிந்தன.

அந்த எழுத்து வந்த பிறகுதான் அவருக்குக் கால் வந்தது. ஓடினார்.

கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் அவள் கிடந்தாள். முகம் ஷெட்டைப் பார்த்திருந்தது. உடம்பில் சூடு இருந்தது. தூக்கினார். முதுகு ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பதினோரு நிமிடம். ஏழு சிக்னல். ஒரு இடத்தில்கூட கார் குலுக்கவில்லை. எண்ணெயில் வழுக்குவது போலப் போயிற்று.

ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். "விழுந்த உடனே யாராவது இதயத்தை அழுத்தி..." என்று தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், கருவியை எடுத்துப்போக வந்த மைத்துனன் பதிவைத் திறந்து பார்த்தான். பிறகு ஒர்க்‌ஷாப்காரர் ஒருவரையும் கூட்டிவந்து காட்டினான். 3:03 வரை பிரேக் அழுத்தம் இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் ஆடியிருக்கிறது. அதன் பிறகு நாற்பத்தொன்று. ஆறு நிமிடமும் அதே நாற்பத்தொன்று. மனுஷக் கால் இப்படி மிதிக்காது என்றார் ஒர்க்‌ஷாப்காரர்.

"இன்னொண்ணு அத்தான்," என்றான் மைத்துனன். "இதே வேலையை இந்த வண்டியில முன்னாடியும் ஒரு தடவை பண்ணியிருக்காங்க. ரெண்டு வருஷம் ஆச்சு."

காரை விற்ற பெண்மணிக்குப் போன் செய்தார் கண்ணாடிக்கடைக்காரர். உள்ளே மனைவி கூப்பிட்டதையும், பெடல் தானாக இறங்கி நின்றதையும், கார்க் கதவு திறந்ததையும் சொல்லி, அதோடு நிறுத்திக்கொண்டார்.

"என் வீட்டுக்காரரும் வீட்லயேதான் ஆயில் மாத்தினாரு," என்றாள் அவள். "நான் வேலைக்குப் போயிருந்தேன். உள்ள பொண்ணு. ஒன்பது வயசு. இழுப்பு வந்து அப்பா அப்பான்னு கூப்பிட்டிருக்கா. இதோ வர்றேன், இதோ வர்றேன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்காரு. காலை எடுக்கல."

"அப்புறம்?"

"நாலு மாசத்துல அவரும் போயிட்டாரு. அதுக்கப்புறம் அந்த வண்டி சும்மா நிக்கும்போதே பிரேக் விளக்கு எரியும். பேட்டரியைக் கழட்டி வெளிய வச்சேன். அப்பவும் எரிஞ்சுது. அதான் வித்தேன். உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொன்னா யார் வாங்குவா?"

பிறகு அவள் கேட்டாள்.

"உங்களுக்காக அவர் மிதிச்சுக்கிட்டாரா?"

"ஆமா."

"கதவையும் திறந்துவிட்டாரா?"

"ஆமா."

அவள் குரலில் ஒரு அவசரம் வந்தது. ஏதோ நல்ல சேதிக்குக் காத்திருப்பவள் போல.

"போனீங்களா?"