பதினொரு நிமிடப் பாலை மரம்

எங்கள் தில்லையடி வீட்டில் கம்ப்யூட்டர் என்றால் நான்தான். பதின்மூன்று வயது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லிவிட்டுப் பிறகு ஓடிப்போய்ப் படிக்கிற குணம் அன்றைக்கே இருந்தது. அதை நம்பித்தான், யுத்தம் முடிந்து முதல்முறையாக மன்னாரில் விட்டுவந்த எங்கள் பழைய ஊருக்குப் போய்வந்த பெரியவாப்பா, அங்கே வீடியோ எடுத்த இரவல் கமராவை என் கையில் தந்தார். டீவியில் போட்டுப் பார்க்க ஒரு டீவிடி வேண்டும்; கமராவை வெறுமையாக்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அவர் மனைவி பெரியும்மா நடக்க ஏலாமல் வீட்டோடு இருந்தார். என்னிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

"பாலை மரம் வருதா மகள்? அது வடிவா வரணும்."

முதல் டிஸ்க் பாழ். கோப்புகளை அப்படியே கொப்பி பண்ணினேன், பிளேயர் ஏற்கவில்லை. அவற்றை டீவிடிக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. மாற்றுகிற மென்பொருளின் அடியில் ஒரு பட்டை: டிஸ்க்கில் அடங்கினால் பச்சை, மிஞ்சினால் சிவப்பு. எனக்குச் சிவப்பு. எதை வெட்டலாம் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்த்தேன்.

இடிந்த வீடுகள், பள்ளிவாசல், கிணறு. பிறகு பற்றைக் காட்டுக்குள் ஒரு பாலை மரம். பதினொரு நிமிடம் கமரா அசையவில்லை. ஆளில்லை. மூச்சுச் சத்தம் மட்டும். திடீரென்று பெரியவாப்பாவின் குரல் சலாம் சொன்னது. யாருக்கு? மரத்தடியில் முட்பற்றைதான் இருந்தது. ஒருவர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் மௌனம்.

"உம்மாக்குக் கால் ஏலாது மகன். ஒனக்குச் சலாம் சொல்லச் சொன்னா."

மறுபடி மௌனம். பிறகு, யாரோ எதையோ கேட்டதுபோல, "ஓம் மகன். ஓம்."

எனக்குத் தெரிந்து பெரியவாப்பாவுக்குப் பிள்ளைகளே இல்லை. பட்டப்பகலில் பயந்துபோய் ஹெட்போனைக் கழற்றினேன். மரம் தெரிகிற முதல் சில விநாடிகளை விட்டு மீதியை வெட்டினேன். பட்டை பச்சையானது. படத்தின் தரத்தைக் கொஞ்சம் குறைத்திருந்தால் முழுவதும் அடங்கியிருக்கும், தெரிந்துதான் வெட்டினேன். கமராவில் இருந்ததையும் கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழித்தேன்.

அஸர் தொழுதுவிட்டு எல்லோரும் டீவி முன்னால் கூடினார்கள். மரம் வந்தது. வந்த வேகத்தில் கடற்கரை வந்துவிட்டது.

"அதுக்குப் பொறகு?" என்றார் பெரியும்மா.

பெரியவாப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"டிஸ்க்குக்குள்ள அடங்கல்ல போல," என்றார், எனக்காக. அடுத்தமுறை அவர் ஊருக்குப் போனபோது புல்டோசர் காட்டைத் தள்ளியிருந்தது. மரம் இல்லை.

அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளியும் பெரியும்மா அந்த டிஸ்க்கைப் போடச் சொல்வார். மரம் வந்ததும் நான் படத்தை நிறுத்த வேண்டும். பழைய டீவி, நிறுத்திய படத்திலும் இலைகள் மட்டும் மெல்ல நடுங்கும். கதிரையை நெருக்கிப் போட்டுக்கொண்டு அவர் டீவிக்குச் சலாம் சொல்வார். பிறகு அசையாமல் இருப்பார். நான் ரிமோட்டும் கையுமாகக் காதைப் பொத்திக்கொள்வேன்.

அது பழைய மையவாடி என்றும், ஊரைவிட்டு வெளியேறிய வருடம் காய்ச்சலில் மௌத்தான அவர்களுடைய நாலு வயது மகனை அங்கேதான் அடக்கினார்கள் என்றும் உம்மா எனக்குச் சொன்னபோது நான் பட்டப்படிப்புக்குக் கெம்பசுக்கே வந்துவிட்டேன். அந்தக் கதையை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

பதில் வந்துவிடுமோ என்று நான் பயந்துகொண்டிருந்த அந்த வெள்ளிக்கிழமைகளில், பெரியும்மா அந்தப் பதிலுக்காகத்தான் உட்கார்ந்திருந்தார்.