பழம் தின்றால் நோய்

அஞ்சலாட்சிக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும் என்று தெருவில் சொல்வார்கள். அது சுத்தப் பொய். மூக்கின் மேல் இருக்கிற கோபம் ஒரு தும்மலில் போய்விடும். இவளுடைய கோபம் சாம்பலுக்குள் கிடக்கும் கங்கு. அணைந்துவிட்டது என்று நம்பிக் கையை விட்டுச் சுட்டுக்கொண்டவர்கள் புதுச்சேரியில் நிறையப் பேர் உண்டு. ஆனால் ஒன்று, காரணம் இல்லாமல் அவள் யாரையும் கடிந்ததில்லை. காரணங்களை அள்ளி அள்ளிக் கொடுக்க இந்த ஊரில் ஆட்களுக்கா பஞ்சம்?

மூலக்குளத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடும் குடும்பத்தில் பிறந்து, பஞ்சாலையில் வேலை பார்க்கும் ராமலிங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு டவுனுக்கு வந்தவள். கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் சமையல் வேலை. அந்த வீட்டு எஜமானியை மதாம் என்று கூப்பிடுவாள். அவளுக்கு ஒரே மகள் சின்னப்பாப்பா. ஈர்க்குச்சிக்குப் பாவாடை கட்டினாற்போல இருப்பாள். சோற்றைக் கண்டால் வாயை இறுக மூடிக்கொள்வாள். பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவதற்குள் மயங்கி விழுந்துவிடுவாள். "பெத்தவ வெள்ளைக்காரனுக்கு ஆக்கிப் போடறா, பெத்தது பட்டினி கெடக்குது" என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். அஞ்சலாட்சிக்கு நெஞ்சு எரிந்தது.

சோறு இறங்காவிட்டால் சோறு இல்லாததைக் கொடுப்போம் என்று அவளே ஒரு பண்டம் கண்டுபிடித்தாள். அண்ணன் கொல்லையில் விளைந்த மல்லாட்டையை மணலில் வறுத்து, தோல் தேய்த்து, முறத்தில் புடைத்து எடுப்பாள். சேதராப்பட்டுப் பக்கத்துச் செம்மண்ணில் விளைந்த முந்திரியைக் கையால் ஒடிப்பாள். கப்பலில் பாய்மூட்டையாக வந்திறங்கும் பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கி, காய்ந்த திராட்சையோடு உரலில் போட்டு மசிய இடிப்பாள். அந்த மசியலில் பருப்புகளையும் வறுத்த எள்ளையும் கொட்டிப் பிசைந்து, நெய் தடவிய பலகையில் பரப்பி, மதாம் வீட்டுக் காலி ஒயின் பாட்டிலால் உருட்டி அழுத்துவாள். ஆறியதும் விரல் நீளத்துக்கு வெட்டி வாழைச்சருகில் சுற்றிவிடுவாள்.

இதில் பாகு கிடையாது. ஒரு சிட்டிகைச் சர்க்கரை கிடையாது. பாகு காய்ச்சி ஊற்றினால் சீக்கிரம் வேலை முடியுமே என்று யாராவது புத்தி சொன்னால் அவளுக்குப் பொறுக்காது. "பாகுல என்னா சத்து இருக்குது? பருப்பக் கொறைக்கத்தான் பாகு. அது மிட்டாய்க்காரன் பொழப்பு" என்பாள். பழத்தின் தித்திப்பே போதும் என்பது அவள் கட்சி. சின்னப்பாப்பா முதல் துண்டை முகர்ந்து பார்த்துவிட்டுக் கடித்தாள். இரண்டாவது துண்டைத் தானே வந்து கேட்டாள். ஒரு வருஷத்தில் அந்த ஈர்க்குச்சி தெருவில் பாண்டி ஆடியது.

மதாமும் ஒரு துண்டு தின்று பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றுவிட்டு, "ஃப்ருய் ஏ நுவா!" என்றாள். பழமும் கொட்டையும் என்று அதற்குப் பொருள். உள்ளே இருப்பதைத்தான் சொன்னாள், வேறொன்றும் இல்லை. அஞ்சலாட்சி அதை ஜிலேபி, லட்டு போல ஒரு பலகாரத்தின் பெயர் என்று எடுத்துக்கொண்டாள். அவள் நாக்கில் அது புரியனுவா ஆயிற்று.

பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய பிறகு வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். மதாமும் கிளம்பினாள். கிளம்பும்போது ஒரு பெரிய பிஸ்கட் டின்னைத் துடைத்து, அதன் மேல் நீலச் சாயத்தில் அந்தப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, "நீ விற்கணும், அஞ்சலா" என்று தன் அரைத் தமிழில் சொல்லிக் கொடுத்தாள். அந்த டின்னோடு அஞ்சலாட்சி மகள் படிக்கிற பெண்கள் பள்ளிக்கூடத்து வாசலில் உட்கார்ந்தாள். "புரியனுவா, புரியனுவா" என்று பிள்ளைகள் மொய்த்தார்கள். இனி யார் வீட்டு அடுப்படியிலும் நிற்க வேண்டியதில்லை. அந்த வாசல்தான் அவளுக்குச் சோறு, மானம், எல்லாம்.

தினமும் சாயங்காலம் சக்கரபாணி அங்கே வந்து நிற்பார். அவள் தெருக்காரர். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்து, பிரெஞ்சுக்காரன் காலத்து ஆபீசில் எழுத்தராக இருந்து, இப்போது புது ஆபீசில் ஒரு மூலையில் நாற்காலி போடப்பட்டவர். அஞ்சலாட்சி அவரை அண்ணே என்று கூப்பிடுவாள். வெறும் வாய்வார்த்தைக்குக் கூப்பிட்டதல்ல. தைப்பொங்கலுக்கு அவர் வீட்டிலிருந்து கரும்பு வரும், இவள் வீட்டிலிருந்து மல்லாட்டை போகும். டின்னின் மேல் கையை ஊன்றிக்கொண்டு ஒரு துண்டைத் தின்றுவிட்டு, "மதாம் கையெழுத்து முத்து முத்தா இருக்குதும்மா" என்பார்.

ஒரு ஐப்பசி மழையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பலருக்கு வயிற்றுப்போக்கு கண்டது. தெருக்குழாயில் சாக்கடை கலந்து வந்ததை ஊரே பார்த்தது. குழாயைப் பார்க்க வேண்டியவர்கள் கூடையைப் பார்க்க வந்தார்கள். வந்தவர் வடிவேல் என்ற சுகாதார இன்ஸ்பெக்டர். வடக்கே எங்கோ இங்கிலீஷில் படித்துவிட்டுப் புதிதாக வந்தவர். பிரெஞ்சில் ஒரு எழுத்து தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது.

வெள்ளரிக்காய்க்காரியை விரட்டினார். ஐஸ்காரனை விரட்டினார். அஞ்சலாட்சியின் டின்னுக்கு முன்னால் வந்து குனிந்து, எழுத்துக் கூட்டினார். "எஃப், ஆர், யு, ஐ, டி, எஸ். ஃப்ரூட்ஸ். பழம், சரி. ஈ, டி. ஈட். தின்னறது. நடுவுல ஒரு ஏ விட்டுப்போச்சு, வெள்ளைக்காரனுக்கு இங்கிலீஷ் தகராறு. அப்பறம் என், ஓ, ஐ..." சட்டென்று நிமிர்ந்தார். "நோய்! தமிழ் வார்த்தைய இங்கிலீஷ் எழுத்துல போட்டிருக்குது! பழம் தின்னா நோய்! கடைசியில பாருங்க, பெரிசா ஒரு பெருக்கல் குறி வேற. கூடாதுன்னு அர்த்தம்!"

டின்னுக்குள் இருந்த முந்திரிக்கொட்டைகள் எல்லாம் இந்த ஒரு முந்திரிக்கொட்டைக்கு முன்னால் எம்மாத்திரம்?

"அது பேரு சார், புரியனுவா" என்றாள் அஞ்சலாட்சி.

"அப்படின்னா என்னா?"

அவளுக்குத் தெரியவில்லை. ஜிலேபி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நாம் என்ன சொல்வோம்? அப்போது சக்கரபாணி துண்டை மென்றுகொண்டு அங்கேதான் நின்றார். இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் திரும்பினார். "ஐயா நம்ம ஆபீசுதானே? நான் படிச்சது சரிதானே?"

அஞ்சலாட்சி அண்ணன் வாயையே பார்த்தாள். சக்கரபாணி வாயில் இருந்ததை விழுங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்" என்றார்.

அத்தோடு தீர்ந்தது. பிரெஞ்சு படித்த மனிதரே சொன்னபின் அதற்கு மேல் யார் பேசுவார்கள்? பள்ளிக்கூடத்தார் அன்றைக்கே அவளை வாசலில் உட்காரக்கூடாது என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கடற்கரையிலிருந்து மூலக்குளம் வரைக்கும் பேச்சு ஓடியது. எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளை வியாதி என்று எழுதிவைத்தே விற்றாளாம், நம் பிள்ளைகள் தின்றார்களாம். சின்னப்பாப்பா அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள். வகுப்பில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை, நோய்க்கட்டி என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். தன்னைத் தூக்கி நிறுத்திய அதே பண்டத்தை மகள் சாக்கடையில் வீசி எறிந்ததை அஞ்சலாட்சி கண்ணால் பார்த்தாள்.

அவள் கோபமெல்லாம் கடல் தாண்டிப் போன மதாம் மேல் பாய்ந்தது. "ஒன் எச்சில் தட்டக் கழுவுனேனே, ஒன் புள்ளைக்குக் காய்ச்சல்னா கண்ணு முழிச்சேனே. போற போக்குல எந்தலையில மண்ண அள்ளிப் போட்டுட்டுப் போனியேடி" என்று தெருக்குழாயடியில் உட்கார்ந்து, செங்கல் பொடி போட்டு டின்னின் எழுத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்தது எழுத்தை மட்டும் அல்ல. கையும் தேய்ந்து ரத்தம் கசிந்தது. சாயம் லேசில் போகவில்லை.

அந்த வழியாகச் சொல்தா காசிலிங்கம் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் வரைக்கும் போய்ப் பென்ஷனோடு திரும்பியவர். நின்று பார்த்து, "ஃப்ருய் ஏ நுவா" என்று தொப்பியைத் தூக்கிவிட்டுப் படித்தார். "ஏம்மா, நல்ல எழுத்த எதுக்கு அழிக்கிற?"

"நோவுன்னு எழுதிவச்சிருக்கா பாவி."

"நோவா? எவன் சொன்னான்? ஃப்ருய்னா பழம். நுவான்னா கொட்டை. நடுவுல இருக்கற ‘ஏ’ நம்ம ‘உம்’ மாதிரி. பழமும் கொட்டையும். அந்த எக்ஸு சும்மா நிக்கிது, வாயில வராது."

அஞ்சலாட்சி கை நின்றது. "பிரெஞ்சு படிச்ச எல்லாருக்கும் இது தெரியுமா, மாமா?"

"மொத வகுப்புப் பையனுக்கே தெரியும்."

அவள் டின்னைக் கழுவினாள். இடுப்பில் வைத்தாள். "எங்கூட வாங்க" என்றாள். காசிலிங்கம் பட்டாளத்துக்காரர், உத்தரவு என்றால் அவருக்குப் புரியும். பின்னாலேயே நடந்தார்.

ஆபீசில் அவள் இன்ஸ்பெக்டரைத் தேடவில்லை. நேரே மூலை நாற்காலிக்குப் போய் மேசை மேல் டின்னை வைத்தாள். மைக்கூடு அதிர்ந்தது. "அண்ணே, இதப் படிங்க."

சக்கரபாணி முகம் செத்துவிட்டது. "மெதுவாப் பேசும்மா" என்று கெஞ்சினார். "பிரெஞ்சு படிச்சவன்னாலே இங்க எளக்காரமாப் பாக்கறாங்க. புதுசா வந்த இன்ஸ்பெக்டர நாலு பேரு முன்னால மட்டம் தட்டினா என் வேல போயிடும். எனக்கும் புள்ளைங்க இருக்குது."

"ஒன் வேல போவக்கூடாதுன்னு எம்பொழப்பப் போக்கிட்ட" என்றாள் அஞ்சலாட்சி. மரியாதை எல்லாம் வாசலிலேயே கழன்று விழுந்திருந்தது. "அவனுக்குத் தெரியாது, தப்பாப் படிச்சான். தெரியாதவன மன்னிச்சிடலாம். நீ தெரிஞ்சே முழுங்கினியே. எம்பண்டத்த வாயில வச்சிக்கிட்டே முழுங்கினியே! எம்பொண்ணு அழுதது ஒன் வூட்டுக்குக் கேக்கல?"

ஆபீசே எழுந்து நின்றது. சத்தம் கேட்டு வடிவேலும் வந்தார், அவருக்கு மேலே இருந்தவரும் வந்தார். காசிலிங்கம் கவாத்து மைதானத்துக் குரலில் ஒவ்வொரு சொல்லாகப் படித்துப் பொருள் சொன்னார். மேலே இருந்தவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வடிவேலின் காது சிவந்துபோயிற்று. "அப்ப நாளையிலேர்ந்து உக்காந்துக்கம்மா" என்றார்.

"உக்காந்தா யாரு வாங்குவா? பிச்சு உட்ட கோழி றெக்கையப் பொறுக்கி ஒட்ட முடியுமா? தப்பாப் படிச்சது உங்க வாயி சார். அந்த வாயாலயே, புள்ளைங்க எல்லாம் பாக்க, தின்னு காட்டணும்."

சொன்னபடி அவர் வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில், வாசலில், அத்தனை பெண் பிள்ளைகளுக்கும் முன்னால் நின்று ஒரு துண்டைப் பிரித்துத் தின்றார். "நான்தான் தப்பாப் படிச்சிட்டேன். இது பழமும் கொட்டையும்" என்று உரக்கச் சொன்னார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவரும் அசடு வழியச் சிரித்துவிட்டு இன்னொரு துண்டு கேட்டார். முதலில் கை நீட்டியவள் சின்னப்பாப்பாவின் பக்கத்தில் உட்கார மறுத்த பெண். அஞ்சலாட்சி அவளைப் பிடித்து இரண்டு வார்த்தை கேட்டிருப்பாள். மகள் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். எழுத்தின் தேய்ந்த இடங்களில் காசிலிங்கமே சாயம் தடவிக் கொடுத்தார்.

சக்கரபாணியின் வேலை போகவில்லை. வேலை போவது என்ன அவ்வளவு லேசா? ஆனால் சாயங்காலம் அந்த வாசல் பக்கம் வருவதை விட்டுவிட்டு, சுற்றுவழியாக வீட்டுக்குப் போனார். பொங்கலுக்குக் கரும்பு வந்தது. அஞ்சலாட்சி கரும்புக் கட்டை அப்படியே தூக்கி வாசலில் வைத்தாள். தெரு மாடு தின்றது.

பிரான்சு காகிதத்திலும் ஊரை முழுசாக ஒப்படைத்த வருஷம் அவர் ஓய்வு பெற்றார். அதன் பிறகு ஒரு நாள், அதே பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டிருந்தது. அஞ்சலாட்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னா வேணும், முசியே?"

வெள்ளைக்காரத் துரைகளைக் கூப்பிட்ட சொல் அது. அதை அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். சக்கரபாணிக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

"இத்தினி வருசம் ஆச்சு, அஞ்சலாட்சி. இன்னும் என்ன அண்ணன்னு கூப்புட மாட்டியா?"

அவள் ஒரு துண்டை எடுத்துச் சருகைப் பிரித்துச் சிறுமி கையில் கொடுத்தாள். கன்னத்தைத் தொட்டு, "நல்லா மென்னு தின்னு, கண்ணு" என்றாள். பிறகு டின்னை மூடிக்கொண்டே சொன்னாள்.

"அண்ணனா இருந்திருந்தா அன்னிக்கே வாயத் தொறந்திருப்பீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க முசியே, பின்னால புள்ளைங்க நிக்கிது."