குறுகுறுத்த கண்

ஜெர்மனியில் இருந்து மாப்பிள்ளையின் படம் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது, அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "பொடியன்ரை கண்ணைப் பார். குறுகுறுவெண்டு இருக்கு. பகிடிக்காரன். கவனமா இரு பிள்ளை" என்றார்.

குறுகுறுத்த கண் என்று எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகளின் கண்ணைத்தான் சொல்வோம். பெரிய கண்ணுக்கு அந்தச் சொல் ஒட்டாது. கண் சின்னதாக இருக்க வேண்டும், உள்ளே ஒரு மினுக்கம் ஓட வேண்டும். குறும்பு, குழப்படி ஏதாவது செய்துவிட்டு, அல்லது செய்யப் போகிற நேரத்தில் வருகிற மினுக்கம். வளர்ந்த மனிதருக்குச் சொன்னால் அது பாதி பாராட்டு, பாதி எச்சரிக்கை. அம்மா சொன்னதில் எச்சரிக்கைதான் கூட. அது எனக்குப் பிடித்துவிட்டது. என்ன செய்ய? அவரையே கட்டிக்கொண்டு ஜெர்மனிக்கு வந்தேன்.

போன குளிர்காலம், நாங்கள் இருக்கிற எர்லாங்கன் நகரத்தில், அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது, பேச்சு நின்றது. அதைத் தாங்கிக்கொண்டேன். அந்தக் கண்கள் சும்மா திறந்தே கிடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. ஆட்களை அடையாளம் தெரியாவிட்டால் வீட்டுக்கு அனுப்புவது கஷ்டம், பராமரிப்பு இல்லம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு அந்த டாக்டரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஒருநாள் பேச்சுப் பயிற்சி தருகிற பெண் என்னைக் காட்டி, "இது யார்?" என்று அவரிடம் கேட்டாள். அவர் வாயைக் கூட்டிக் கூட்டி, ஜெர்மன் மொழியில் ஒரு சொல் சொன்னார்.

"பொலிஸ்."

அந்தப் பெண் பாவம், ஆளை அடையாளம் தெரியவில்லை என்று தலையைக் குனிந்து எழுதத் தொடங்கினாள். நான் அவர் கண்ணைப் பார்த்தேன்.

"எழுதாதே! அவர் பகிடி விடுகிறார், விளையாட்டுக்குச் சொல்கிறார்" என்றேன்.

"எப்படித் தெரியும்?"

அம்மாவின் சொல்லுக்கு ஜெர்மன் மொழியில் எங்கே போவேன்? "கண்ணைப் பார், கண்ணை!" என்று சத்தம் போட்டேன்.

அவள் என்னை நம்பவில்லை. ஆனாலும் பேனாவை வைத்துவிட்டு அவர் பக்கம் குனிந்தாள். "இந்தப் பொலிஸ் உங்களை எதற்குப் பிடித்தது?"

அவர் வெகுநேரம் சொல்லைத் தேடினார். கடைசியில் சொன்னார்: "சீனி."

நீரிழிவுக்காரரான அவருக்குத் தெரியாமல் சீனிப் போத்தலை ஒளித்து வைப்பவள் நான். அதைச் சொன்னதும் அவள் சிரித்துக்கொண்டே எழுதியதை வெட்டினாள்.

"இஞ்சாருங்கோ, பகிடி விடுற நேரமே இது? என்ரை உயிர் போயிட்டுது!" என்று திட்டினேன். திட்டத் திட்ட அழுகை வந்தது. கோணின வாய் அசையவில்லை. கண் மட்டும் குறுகுறுவென்று என்னையே பார்த்தது.

பங்குனியில் அவர் வீட்டுக்கு வந்தார். முதல் நாளே சீனிப் போத்தலை இன்னும் ஒரு தட்டு மேலே ஏற்றி வைத்தேன், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.