கிரேன்காரரின் மூச்சு

என் அக்கா வீட்டுக்காரர் கிரேன் ஓட்டுபவர். கட்டடத்தைவிட உயரமாக நின்று, நீளக் கையால் கம்பிக்கட்டையும் கான்கிரீட்டையும் தூக்கி வைக்குமே, அந்தக் கிரேன். நான் கீழே நிற்கும் சிக்னல்காரன். உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவருக்குச் சுவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. வாக்கி டாக்கியில் நான் ‘இறக்கு, இறக்கு, இடது, நிறுத்து’ என்று சொல்லச் சொல்ல அவர் செய்வார். வீட்டில் மாமா என் பேச்சைக் கேட்டதாகச் சரித்திரமே இல்லை. வேலையிடத்தில் நான் சொல்லாமல் ஒரு செங்கலைக்கூட அசைக்க முடியாது. இந்த ஒரு சுகத்துக்காகவே நான் லீவு போடாமல் வேலைக்குப் போனேன்.

வருடக்கணக்கில் உட்கார்ந்தே வேலை பார்த்ததில் மாமாவுக்கு வயிறு முன்னால் வந்துவிட்டது. கூண்டுக்குப் போக இரும்பு ஏணி ஒன்றுதான் வழி. வாக்கியை மார்பில் மாட்டிக்கொண்டு ஏறுவார். ஏணிப்படிக்கும் வயிற்றுக்கும் நடுவில் அது மாட்டி, பேசும் பட்டன் அமுங்கிக்கொள்ளும். அவர் மூச்சு வாங்குவது எங்கள் எல்லோருடைய வாக்கியிலும் கேட்கும். “இஞ்சின் கிளம்பிருச்சுப்பா” என்று யாராவது சொல்வார்கள், எல்லோரும் சிரிப்போம். அந்தப் பெயரே அவருக்கு ஒட்டிக்கொண்டது. இஞ்சின்.

ஒருவர் பட்டனை அழுத்திப் பிடித்திருந்தால் அந்தச் சேனலில் வேறு யாரும் பேச முடியாது. அழுத்தியவருக்கும் எதுவும் கேட்காது. சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் சிரித்தோம்.

எங்கள் வேலையிடத்தில் இன்னொரு சின்னக் கிரேனும் இருந்தது. இரண்டுக்கும் ஒரே சேனல்தான். அதை ஓட்டியவனைக் குச்சி என்று கூப்பிடுவோம். ஒரு நாள் அவனுடைய சிக்னல்காரன் வரவில்லை. டீ இடைவேளை முடிந்து மாமா மறுபடி ஏறிப் போய்ச் சேரும்வரை நானே குச்சிக்கும் சிக்னல் கொடுத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு கம்பிக்கட்டு இறங்கிக்கொண்டிருந்தது. ‘இறக்கு, இறக்கு, இறக்கு’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூச்சு விட ஒரு நொடி பட்டனை விட்டேன். அந்த நேரம் பார்த்து, கம்பி கட்டுகிற அண்ணன் மறந்து வைத்த இடுக்கியை எடுக்க நேராக அதன் அடியில் போய்க் குனிந்தார்.

பட்டனை அழுத்தினேன். போகவில்லை. வாக்கியில் இரைப்புதான் கேட்டது. மாமா ஏறிக்கொண்டிருந்தார். மறுபடி அழுத்தினேன். இரைப்பு. “நிறுத்து” என்று தொண்டை கிழியக் கத்தினேன். கான்கிரீட் கலக்கும் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. கம்பிக்கட்டு நிதானமாக இறங்கிக்கொண்டே இருந்தது. நான் வாக்கியை விட்டுவிட்டு ஓடி, அந்த அண்ணனின் காலரைப் பிடித்து இழுத்தேன். இருவரும் சிமெண்டுத் தூசியில் விழுந்தோம். அவர் குனிந்திருந்த இடத்தில் கம்பி உட்கார்ந்தது. அவருடைய தண்ணீர்ப் பாட்டில் அப்பளமாகிக் கிடந்தது.

சிக்னல் குரல் நின்றால் கிரேனை நிறுத்த வேண்டும் என்பதுதான் எங்கள் வேலையின் முதல் விதி. இறங்கி வந்த குச்சியின் சட்டையைப் பிடித்துக் கேட்டேன். அவன் சொன்னான்.

“சத்தம் நின்னாதானே நிறுத்தணும்? சத்தம் நிக்கலையே. மூச்சு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நீதான் ஓடி ஓடிப் பார்க்கிறேன்னு நினைச்சேன்.”

அவனை அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

மாமாவுக்கு எதுவும் தெரியாது. ஏணியின் பாதியில் நின்று இளைப்பாற ஒரு தட்டு உண்டு. அங்கே நெஞ்சு அடைத்துப்போய், ஏணியில் சாய்ந்து நின்றிருக்கிறார். கீழே அழைத்து விஷயத்தைச் சொன்னபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“விடுங்கண்ணே, பாட்டில்தானே” என்றார் கம்பி கட்டும் அண்ணன். அவர் பெரிய மனதோடு சொன்னதுதான். மாமாவுக்கு அது அடியைவிட அதிகமாக வலித்தது.

எஞ்சினியர் அன்றே இரண்டு கிரேனுக்கும் தனித்தனிச் சேனல் கொடுத்தார். ஏறும்போது வாக்கி முதுகுப் பைக்குள் இருக்க வேண்டும் என்றார். கடைசியாக மாமாவைப் பார்த்தார்.

“அடுத்த ஆய்வு வரைக்கும் நீங்க ஸ்டோர்ல இருங்க. ஆய்வு அன்னைக்கு நடுவுல எங்கேயும் நிக்காம ஏறிக் காட்டணும். முடியலைன்னா ஸ்டோரே நிரந்தரம். எனக்கு வேற வழி இல்ல.”

கூண்டுதான் மாமாவுக்கு எல்லாம். அங்கே உட்கார்ந்தால்தான் அவர் தன்னை ஒரு ஆளாக நினைத்தார். ஸ்டோரில் ஆணியும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அவரைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அவருடைய கிரேனை ஒரு மாற்று ஆள் ஓட்டினான். நான் சிக்னல் கொடுக்கும்போதெல்லாம் மாமா ஸ்டோர் வாசலுக்கு வந்து கொக்கியை அண்ணாந்து பார்ப்பார்.

டாக்டர் பரிசோதித்துவிட்டு இதயத்தில் கோளாறு இல்லை என்றார். “உடம்பு வேலையை மறந்துபோச்சு. முதல்ல நடங்க. பழகினதும் மெல்ல ஓடுங்க. வலிச்சா நின்னுடுங்க.” மாமா நடந்தார், பிறகு ஓடினார். எப்படி ஓடினார் என்று கேட்டால், கடன்காரனைப் பார்த்தவர் மாதிரி ஓடினார். தெருமுனை தாண்டுவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். மறுநாள் முழங்கால் வலி. அதற்கு மறுநாள் வானம் மூட்டமாக இருக்கிறது என்றார். அதற்கடுத்த நாள் ஷூவைக் காணோம் என்றார். ஷூ கட்டிலுக்கு அடியில் அவரே தள்ளிவிட்ட இடத்தில் பத்திரமாக இருந்தது.

அக்கா என்னைக் கூப்பிட்டு விட்டாள். “பயத்துல ஓடறாருடா. பயம் காலையில எழுந்திருக்கும்போது இருக்கு, ஷூ மாட்டும்போது போயிடுது. நீ கூடப் போ. மனுஷன் ரோட்டுல விழுந்தா யாரு தூக்குறது?”

“நான் எங்கக்கா ஓட?”

“உன்னை யாரு ஓடச் சொன்னா? வண்டியில போ. அவர் இல்லாம மட்டும் திரும்பி வந்துடாத.”

அப்படித்தான் விடிந்தும் விடியாததுமாக ஸ்கூட்டரில் மாமாவின் பின்னால் ஊர ஆரம்பித்தேன். எனக்கு அவர் முதுகு மட்டும் தெரியும். பனியன் நனைந்து ஒட்டியிருக்கும். அவர் கை மார்புப் பக்கம் போனால் என் உயிர் போய்த் திரும்பும். வியர்வையைத் துடைக்கத்தான் போயிருக்கும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் பயந்தேன். அக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்பதையே யோசித்துக்கொண்டு வண்டி ஓட்டினேன். பழக்க தோஷம், வாய் சும்மா இருக்கவில்லை.

“மாமா, இடது பக்கம் பள்ளம். வலது வாங்க. மெதுவா. மெதுவா. போதும், நிறுத்துங்க.”

ஒரு நாள் பழைய குடோன்கள் இருக்கும் தெருவில் அவர் சடாரென்று நின்று திரும்பினார். முகம் சிவந்திருந்தது. நெஞ்சு வலிதான் வந்துவிட்டது என்று நான் வண்டியைப் போட்டுவிட்டு இறங்கினேன்.

“வாயை மூடறியா மாப்ளே?” என்றார். “கூண்டுல ஏறினா காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் உன்னோட ஏத்து, இறக்கு, இடது, வலது. வீட்டுக்குப் போனா உங்க அக்கா. டாக்டர், எஞ்சினியர், எல்லாரும் சொல்றாங்க, நான் செய்யறேன். இந்த உடம்பு ஒண்ணாவது நான் ஓட்டுற வண்டியா இருக்கக் கூடாதா?”

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. பெட்ரோல் போட்டு, தூக்கம் கெட்டு, இந்த மனிதருக்காக நான் தெரு நாய்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே கையை நீட்டினார்.

“அந்தப் பாலம் தெரியுதா?”

தெரியவில்லை. தெரு வளைவும் ஒரு சுவரும்தான் தெரிந்தன.

“கூண்டுல உட்கார்ந்தா தெரியும். இத்தனை வருஷமா தினமும் பார்த்திருக்கேன். ஆத்து மேல வெள்ளையா ஒரு கோடு மாதிரி. ஒரு நாளும் போனதில்ல. அது வரைக்கும் ஓடணும்னு தோணுது. வேலைக்காக இல்ல. அந்தப் பாட்டில் கண்ணு முன்னாடி வருது, அதுக்காகவும் இல்ல. சும்மா, எனக்கே தோணுது. நீ வர்றதா இருந்தா வா. பேசாம வா.”

அன்றிலிருந்து நான் பேசவில்லை. வாயை மூடிக்கொண்டு பின்னால் போவது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. மாமா மெதுவாக ஓடினார். அவசரப்படவில்லை. நடக்க வேண்டிய இடத்தில் நடந்தார், பள்ளத்தில் கால் வைத்துத் திட்டினார், அதை விட்டு விலகவும் அவரே கற்றுக்கொண்டார். மழை தூறிய நாளிலும் ஷூ தானாகவே கிடைத்தது. ஒரு விடுமுறை நாள் காலையில் பாலத்துக்குப் போய்விட்டார். கைப்பிடிச் சுவரில் கை வைத்துக்கொண்டு, எங்கள் கிரேன் எந்தத் திசையில் இருக்கிறது என்று தேடினார். தூரத்தில் ஒரு குச்சி மாதிரி தெரிந்தது. “இவ்வளவுதானா?” என்று சிரித்தார். வயிறு முழுக்கப் போய்விடவில்லை, பாதியாவது போயிருந்தது.

ஆய்வு நாள் வந்தது. இதற்குள் கட்டடம் வளர்ந்திருந்தது. கிரேனின் தண்டு லிஃப்டுக்கு விட்ட குழிக்குள் நின்றதால், ஏறுபவர் முதல் சில மாடிகளுக்குப் பிறகு கண்ணுக்குத் தெரிய மாட்டார். மேலே போய்ச் சேர்ந்ததும் வாக்கியில் கூப்பிட வேண்டும். எஞ்சினியர் என் பக்கத்தில் நின்றார். மாமா வாக்கியைப் பைக்குள் போட்டு முதுகில் மாட்டினார்.

“அக்காவுக்கு இப்பவே ஃபோன் பண்ணிடாத” என்று என்னிடம் சொல்லிவிட்டு ஏணியைப் பிடித்தார்.

கால் தெரிந்தது. படிக்குப் படி இரும்புச் சத்தம் கேட்டது. பிறகு இரண்டும் இல்லை. நான் மார்பிலிருந்த வாக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்நேரம் பாதித் தட்டுக்குப் போயிருப்பார். அங்கேதான் அன்றைக்கு நின்றார். இப்போதும் நின்றிருப்பாரோ? சாய்ந்திருப்பாரோ? எஞ்சினியர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் பார்க்கவில்லை, அவரும் அண்ணாந்து நின்றார். வாக்கி செத்த மாதிரி கிடந்தது. முன்பாவது மூச்சு கேட்கும். எங்களைக் கொல்லப் பார்த்த அந்த மூச்சு இப்போது ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் என்று இருந்தது. கூப்பிடுங்க மாமா. ஒரு வார்த்தை. ஸ்டோரே போதும், கூண்டு வேண்டாம், இறங்கி வந்துவிடுங்கள். ஏணியை நோக்கி ஓட ஒரு கால் எடுத்து வைத்தேன்.

உச்சியிலிருந்து ஹாரன் அடித்தது. நீளமாக, விடாமல் அடித்தது. தலைக்கு மேல் கொக்கி அசைந்து, வலது பக்கம் போய், திரும்பி இடது பக்கம் வந்து நின்றது.

“ஏறிட்டார்யா” என்றார் எஞ்சினியர். பிறகு என் நெஞ்சைப் பார்த்தார். “தம்பி, கையை எடு.”

குனிந்து பார்த்தேன். என் வாக்கியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் கட்டைவிரல் பட்டன் மேல் வெளுத்துப் போய் அழுத்திக்கொண்டிருந்தது. எப்போது அழுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. விரலைப் பிரித்து எடுத்தேன்.

உடனே மாமாவின் குரல் வந்தது. அதில் கொஞ்சமும் இரைப்பு இல்லை.

“எவ்வளவு நேரமா கூப்பிடறது? உள்ள விட மாட்டேங்கிற. உன் மூச்சுச் சத்தம்தான் கேக்குது. என்ன மாப்ளே, ஓடிட்டு வந்தியா?”